ஆற்றோடு போனவனுக்கு ஒரு பிடி

கம்மூனை ஊரில் யாரும் நல்லவள் என்று சொன்னதில்லை, கெட்டவள் என்றும் சொன்னதில்லை. வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். அக்கரை லாவோஸ் விளக்குகள் கண்ணுக்குத் தெரிகிற எங்கள் ஊரில், சந்தைக்குப் பின்னால் ஒரு மரவீட்டில் தனியாக இருந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. புருஷன் ஸீலா, ஊரை ஒட்டி ஓடும் கோங் ஆற்றில் பரிசல்துறைப் படகு ஓட்டியவன். ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் சுழித்துப் போனபோது படகு மட்டும் கீழ்த்துறையில் கவிழ்ந்து ஒதுங்கியது. ஆளைக் காணோம். ஊரே மூங்கில் கழியோடு போய்த் தேடியது. ஒரு சட்டை கூடக் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கம் ஒருத்தர் செத்தால் எரித்து, எலும்பைப் பொறுக்கி, சின்னக் கலயத்தில் போட்டு, விகாரைச் சுவரில் வைத்து மூடுவோம். வருஷப் பிறப்புக்கு அந்தச் சுவரின் மேல் மணத்தண்ணீர் ஊற்றுவோம். செத்தவருக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று மனசு ஆறும். ஸீலாவுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. எலும்பில்லாத ஆளுக்கு எந்தச் சுவரில் இடம் கொடுப்பது? கம்மூனுக்கு மிஞ்சியது காலையில் பிக்குகள் ஏந்தி வரும் பாத்திரம் ஒன்றுதான். பொழுது விடியுமுன் பசையரிசியை ஆவியில் வேகவைத்து, மூங்கில் கூடையில் எடுத்துக்கொண்டு, தோளில் துண்டைக் குறுக்கே போட்டு, சந்தின் ஓரத்தில் மண்டியிடுவாள். வரிசையாக வருகிற ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு பிடி. பிறகு வீட்டுக்குப் போய் மரத்தடியில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டே, "ஸீலா, எங்க இருந்தாலும் வந்து வாங்கிக்க" என்பாள். பூமித்தாய் அதைச் சுமந்துகொண்டு போய்ச் சேர்த்துவிடுவாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. ஒரு நாள் தவறினால் அன்றைக்கு அவன் பட்டினி. அவ்வளவு சுருக்கமான கணக்கு அது.

அப்படியிருக்கும்போதுதான் விகாரைச் சுவரை ஒட்டிய அரிசி ஆலைக்காரர் வீட்டுக்கு நார்வே பாதிரியார் குடும்பம் வந்து இறங்கியது. லாரி நிறையப் பெட்டி, காலால் மிதித்து வாசிக்கிற ஆர்மோனியம் ஒன்று, ஒரு சின்னப் பெண், புருஷன், பெண்டாட்டி. அந்த வீட்டில் ஏன் யாரும் குடியிருப்பதில்லை என்று அவர்களிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. விகாரையின் பெரிய பறை அவர்கள் படுக்கையறைச் சன்னலுக்கு நேரே தொங்கியது. விடிவதற்கு வெகு முன்பே அதை அடிப்பார்கள். முதல் நாள் அடித்தபோது பாதிரியார் வேட்டி போன்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவந்தாராம். ஒரு மாசத்தில் மூட்டை கட்டிவிடுவார்கள் என்று சந்தையில் பந்தயமே நடந்தது. கட்டவில்லை. பறைச் சத்தத்துக்கு எழுந்து ஜெபம் பண்ணப் பழகிக்கொண்டார்கள். கெட்டிக்காரர்கள்தான்.

பாதிரியாரின் பெயர் ஹால்வோர். நாங்கள் ஆச்சான் என்று கூப்பிட்டோம், வாத்தியார் என்கிற மரியாதையில். எங்கள் பேச்சைத் தலைநகரில் புத்தகம் வைத்துப் படித்தவர். அதனால் மாட்டைத் துரத்தினாலும் அரசாங்க அறிவிப்பு மாதிரியே துரத்துவார். அவர் மனைவி ஸோல்வே அப்படியில்லை. மேம் என்று நாங்கள் கூப்பிட்ட அவள் நேராகச் சந்தைக்குள் இறங்கி, கத்தரிக்காய்க்காரியிடம் திட்டு வாங்கிப் பேச்சைக் கற்றுக்கொண்டவள். பெண்ணின் பெயர் மாரித். ஊர் வாயில் அது மாலி ஆனது.

அவர்கள் வீட்டுக்குச் சமையலுக்கு ஆள் வேண்டும் என்றபோது ஒருத்தியும் போகவில்லை. வாழைப்பழம் விற்கிற லம்துவான் கம்மூனைப் பயமுறுத்தினாள்.

"அங்க போனீன்னா தலையில தண்ணிய ஊத்தி உன்னையும் மாத்திடுவாங்கடி."

"ஊத்தட்டுமே. இந்த வெயிலுக்கு யாரு ஊத்துனா என்ன?"

"சிரிக்காத. அப்புறம் உன் புருஷனுக்கு யாரு சோறு போடுவா?"

"நான்தான்டி. அத நிறுத்தச் சொன்னா அன்னிக்கே கரண்டியத் தூக்கி அடுப்புல போட்டுட்டு வந்துடுவேன்."

சொன்னாள், போனாள். படகு போனபின் பாய் முடைந்து பிழைத்தவளுக்கு அந்த வேலை பெரிய விஷயம். சிக்கல் ஒன்றே ஒன்று. ஆச்சான் கிராமம் கிராமமாகப் போகிறவர். பொழுது வெளுக்கும்போது அவருக்குக் கஞ்சியும் காப்பியும் மேசைமேல் இருக்க வேண்டும். பிக்குகள் விகாரை வாசலைத் தாண்டி வெளியே வருவதும் அதே நேரம்தான்.

முதலில் கம்மூன் ஒழுங்காகவே செய்தாள். தன் வீட்டில் சோறு வேகவைத்து, கூடையோடு வேலைக்கு வந்து, பிக்குகள் வரும்போது கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு, வீட்டார் உள்ளே ஜெபத்தில் இருக்கும் நேரத்தில் ஆச்சான் வீட்டு வாசலிலேயே மண்டியிட்டாள். ஒரு நாள் மழையில் அவள் வீட்டு விறகு ஊறிப்போய்விட்டது. இங்கேயோ அடுப்பில் பசையரிசி வெந்துகொண்டிருந்தது. மாலிக்கு ரொட்டியைவிட அதுதான் பிடிக்கும். கையால் உருட்டி உருட்டித் தின்னும். அன்று மட்டும் என்று நினைத்து அந்தச் சோற்றிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பாத்திரங்களில் போட்டாள். அன்று மட்டும் என்பது எத்தனை நாள் இழுக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? இரண்டு வீட்டில் இரண்டு அடுப்பு எதற்கு என்று தோன்றிவிட்டது. இவளும் அந்த வீட்டில்தான் சாப்பிடுகிறாள். அவள் வீட்டு அரிசிப் பானை காலியாகி, அதில் பல்லி குடியேறியது.

ஆச்சான் குடும்பம் மெல்ல எங்கள் ஊருக்குப் பழகிக்கொண்டது. மேம் முதல் வாரத்தில் கம்மூன் கொண்டுவந்து வைத்த ஊறல்மீன் ஜாடியைத் திறந்து பார்த்து, கெட்டுப்போன பண்டம் என்று தென்னைக்கு உரமாகக் கொட்டிவிட்டாள். கம்மூன் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு மேமே சந்தைக்குப் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு, புதுசு வாங்கி வந்து வைத்தாள். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி மேம் ஓர் அடுப்பு செய்தாள், கீழே கரி, மேலே கரி. அதில் ரொட்டி சுட்டாள். மேம் சுடுகிற ரொட்டியில் எப்போதும் உப்பு தூக்கல். ஆச்சான் தினமும் முகத்தைச் சுளிப்பார். "நீங்க மலைக்காரர், எங்க வீடு கடலோரம்" என்று அவள் அவர் தட்டில் இன்னொரு துண்டைப் போடுவாள். கம்மூனும் பிசையக் கற்றுக்கொண்டாள். டப்பா வெண்ணெயின் வாசம் அவள் துண்டிலும் தலையிலும் ஏறியது. சந்தையில் லம்துவான் மூக்கை உறிஞ்சி, "யாரோ சீமாட்டி வர்றாங்க, வழி விடுங்க" என்பாள்.

அந்த வருஷம் அவர்களுக்கு எல்லாமே கூடி வந்தது. ஆச்சானை வாட்டிய காய்ச்சல் விட்டது. பழுதாகிக் கிடந்த ஜீப் தானாகக் கிளம்பிய மாதிரி கிளம்பியது. வராமலே இருந்த அனுமதி மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்தது. ஆச்சான் அதற்கெல்லாம் தன் கடவுளுக்கு நன்றி சொன்னார். ஊர் வேறு காரணம் வைத்திருந்தது. தினமும் வாசலில் சோறு விழுகிற வீடு விளங்காமல் போகுமா?

கம்மூனுக்குத்தான் விளங்கவில்லை. ஒரு நாள் ஸீலா கனவில் வந்தான். நனைந்த துணியோடு படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். "என்னடி சோறு போடுற? வாசந்தான் வருது, வயித்துக்கு ஒண்ணும் வரல. அதுலயும் ஒரே வெண்ணெ நாத்தம்" என்றான். விழித்தவள் பாயிலேயே உட்கார்ந்து அழுதாள். உயிரோடு இருந்த காலத்தில் அவன் சாப்பாட்டைக் குறை சொன்னதே இல்லை. புருஷன் பசிக்கிறது என்று வந்து நிற்கும்போது, தான் மட்டும் வெள்ளைக்காரர் வீட்டு மிச்சத்தில் கன்னம் உப்பியிருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அன்று மத்தியானமே விகாரைக்குப் போய், தலைமைப் பிக்குவான பெரிய சாமியின் முன்னால் உட்கார்ந்து கனவைச் சொன்னாள். பெரிய சாமி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"அரிசி யாருது?"

"அவங்க வீட்டு அரிசி சாமி."

"வேக வெச்சது?"

"நான்."

"நீ போடுறது அவங்களுக்குத் தெரியுமா?"

கம்மூன் தரையைப் பார்த்தாள்.

"அப்போ புண்ணியம் அரிசிக்காரங்களுக்கு. கூலி உனக்கு. உன் புருஷனுக்கு வாசம் போனதே பெருசு" என்றார் பெரிய சாமி. "அதுவுமில்லாம கேக்காம எடுத்ததுக்கு வேற ஒரு பேர் இருக்கு. அத நான் சொல்லணுமா?"

"வேணாம் சாமி. வெளங்கிடுச்சு."

மானம் போன மாதிரி இருந்தது அவளுக்கு. மறுநாளிலிருந்து தன் அரிசியைத்தான் போட வேண்டும், அதற்கு முதலில் அரிசி வாங்க வேண்டும், மேமிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வரிசை கட்டிக்கொண்டே வேலைக்கு வந்தாள். ஆனால் விஷயம் அவளுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது.

கொண்டுவந்தவன் தையல்காரன் புன்தம். ஆச்சானின் வார்த்தையைக் கேட்டு மதம் மாறிய முதல் ஆள். பிக்குகளுக்குச் சோறு போடுவதை நிறுத்தியதால் பெற்ற தாய் அவன் முகத்தில் விழிப்பதில்லை. அவன் கூடத்தில் நின்று ஏறக்குறைய அழுதுகொண்டிருந்தான்.

"சந்தையில என்னைக் கேவலமா பேசுறாங்க ஆச்சான். 'உங்க ஆச்சானே தெனமும் சோறு போடுறாரு, நீ யாருடா பெரிய இவன், பெத்தவள அழ வெக்கிற'ன்னு கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்ல? எங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆச்சான் முகம் சிவந்துபோனார். புன்தம் போனபின் கம்மூனைக் கூப்பிட்டார். கோபம் வந்தால் அவர் பேச்சு இன்னும் புத்தகமாகிவிடும்.

"கம்மூன் அவர்களே, இது உண்மையா?"

"உண்மைதான் ஆச்சான். உங்க அரிசிதான். சொல்லாம எடுத்தது தப்பு. சம்பளத்துல கழிச்சுக்குங்க."

"நான் அரிசியைப் பற்றிக் கேட்கவில்லை. இந்த இல்லத்தின் வாயிலில் இனி அந்தச் சடங்கு நடைபெறக் கூடாது."

"சரி. இனிமே என் வாசல்லயே போட்டுட்டு, விடிஞ்சப்புறம் வர்றேன்."

"எனக்குக் காலை உணவு அதற்கு முன்பே தேவை. தங்களால் இயலாது என்றால் நான் வேறொருவரைத் தேட நேரிடும்."

"அப்போ என் ஆளு என்ன சாப்பிடுவான்?"

ஆச்சான் பெருமூச்சு விட்டார். கெட்ட மனிதர் இல்லை. இதமாகத்தான் சொன்னார், ஆனால் அவளிடம் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னார். "அவர் இறந்துவிட்டார். இறந்தவர்கள் உண்பதில்லை."

கம்மூன் வாய் நீளம் என்று சொன்னேன் அல்லவா. அன்று நேரே சமையற்கட்டுக்குப் போய்த் தன் துண்டை எடுத்து உதறினாள். கரண்டியை அடுப்பில் எறியவில்லை. கழுவி, துடைத்து, ஆணியில் மாட்டினாள். ஒரு வேலையைவிட்டு அப்படித்தான் போக வேண்டும் என்பது அவள் கட்சி.

மேம் அங்கே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"எங்க போனாரு அக்கா, உங்க வீட்டுக்காரர்?"

"ஆத்தோட."

"கெடைக்கலையா?"

"சட்டை கூட."

மேம் கையை எடுக்காமலே சொன்னாள். "எங்கப்பாவும் அப்படித்தான். மீன் பிடிக்கக் கடலுக்குப் போனாரு. நான் அப்போ மாலி அளவு இருப்பேன். வரல."

கம்மூன் துண்டைத் தோளில் போட்டபடி நின்றுவிட்டாள். "அவருக்கு என்ன குடுக்கறீங்க?"

"ஒண்ணும் குடுக்கறதில்ல. கோயில் முத்தத்துல ஒரு கல்லு நட்டுப் பேரு மட்டும் வெட்டி வெச்சிருக்கோம்."

"கல்ல வெச்சுகிட்டு அவரு என்ன பண்ணுவாரு, பாவம்?"

மேம் சிரித்துவிட்டாள். பிறகு குனிந்து மாவைப் பிசைந்தாள், அந்த மாவுக்குத் தேவைப்பட்டதைவிட ரொம்ப நேரம் பிசைந்தாள். கையைக் கழுவிவிட்டு, அரிசி டின்னைத் திறந்து ஒரு பை நிறைய அள்ளிக் கட்டி, கம்மூன் கையில் வைத்தாள்.

"இது உங்களுது அக்கா. சம்பளம் இல்ல, கடன் இல்ல, உங்களுது. உங்க வீட்டுல நீங்க என்ன பண்றீங்கன்னு நான் கேக்கப் போறதில்ல. நாளைலேர்ந்து விடிஞ்சப்புறம் வாங்க. கஞ்சி நான் காச்சிக்கறேன்."

"உங்களுக்கு விறகடுப்பு பத்த வெக்கவே தெரியாதே மேம்?"

"கத்துக்கறேன்."

கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் ஆச்சான் தினமும் புகை நாறுகிற கஞ்சியைக் குடித்துவிட்டுத்தான் ஊழியத்துக்குப் போனார். கூடத்தில் அன்று அவருக்கும் மேமுக்கும் என்ன பேச்சு நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அவர்கள் பாஷையில் நடந்தது. நீளமாக நடந்தது, மேம் ஜெயித்தாள், அது மட்டும் தெரியும். வாசலில் சடங்கு நின்றுபோனது. புன்தமுக்குச் சந்தையில் சொல்ல ஒரு பதில் கிடைத்தது. கம்மூன் தன் சந்தின் ஓரத்திலேயே பழையபடி மண்டியிட்டாள். ஸீலா மறுபடி கனவில் வந்தபோது துணி காய்ந்திருந்தது. வாய் நிறையச் சோறு வைத்திருந்ததால் அவனால் பேச முடியவில்லை. அவள் அன்று சந்தையில் எல்லோரிடமும் அதைச் சொல்லி முடிக்கவே மத்தியானம் ஆனது.

ஒன்று மட்டும் அவள் சொல்லவில்லை. மரத்தடியில் தண்ணீர் ஊற்றும்போது ஸீலாவைக் கூப்பிட்டபின், "மேமோட அப்பா, நீங்களும் வாங்க. கல்லை விட்டுட்டு வாங்க" என்று சேர்த்துக்கொண்டிருந்தாள். மனுஷன் பெயர் தெரியாது. அரிசி அவர் மகள் கொடுத்தது என்பதால் வந்து சேர்ந்துவிடுவார் என்று நம்பினாள்.

வருஷங்கள் ஓடின. மாலி வளர்ந்து நார்வேக்குப் படிக்கப் போனாள். போகும்போது ஒரு சின்னச் சோற்றுக் கூடையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். புன்தம் கூட்டத்தில் இன்னும் சில குடும்பங்கள் சேர்ந்தன, சில பிரிந்தன. பறை அடித்தபடியே இருந்தது. கம்மூனுக்கும் மேமுக்கும் முடி நரைத்தது. மேம் முடியில் அது தெரியவில்லை, முன்பே வெள்ளை மாதிரிதான். இருவரும் சமையற்கட்டில் ஊரிலுள்ள ஒருத்தரையும் விடாமல் பேசித் தீர்த்தார்கள்.

ஒரு மழைக்காலத்தில் மேமுக்குக் காய்ச்சல் வந்தது. வந்தது தலைக்கு ஏறியது. மாகாண ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டில் வெள்ளம். ஜீப்பைப் படகில் ஏற்றி வெள்ளத்தின் மறுபக்கம் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

புன்தமின் வயலுக்குப் பின்னால் அவர்களுக்கென்று ஒரு துண்டு நிலம் இருந்தது. அங்கே புதைத்தார்கள். ஆச்சான் தானே நின்று ஜெபம் சொன்னார். குரல் நடுங்கவில்லை. பெரிய சாமி கூட வந்து குடை பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றுவிட்டுப் போனார். பாட்டுப் பாடினார்கள், பூ வைத்தார்கள், சிலுவை நட்டார்கள். கம்மூன் காத்திருந்தாள். சோறு எப்போது வைப்பார்கள், தண்ணீர் எப்போது ஊற்றுவார்கள் என்று காத்திருந்தாள். எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

"அவ்வளவுதானா?" என்று புன்தமைக் கேட்டாள்.

"அவ்வளவுதான் அக்கா. மேம் கடவுள்கிட்ட போயிட்டாங்க."

"போற எடத்துல சாப்பாடு?"

"அங்க பசிக்காது அக்கா."

"உனக்கு யாரு சொன்னா? நீ போயிட்டு வந்தியா?"

அவளால் தாங்க முடியவில்லை. கோபமாக வந்தது, அழுகையாகவும் வந்தது. தன் புருஷனுக்கு அரிசி கொடுத்தவள் வெறும் வயிற்றோடு மண்ணுக்குள் கிடக்கிறாள், இந்த ஜனங்கள் பாட்டுப் பாடிவிட்டுப் போய்ப் படுக்கிறார்கள். அடுத்த நாளிலிருந்து பாத்திரத்தில் சோறு போட்டு மேம் பெயரையும் சொன்னாள். ஆனாலும் அவளுக்குத் திருப்தி இல்லை. மேமுக்குப் பசையரிசி பிடிக்காது. பல்லில் ஒட்டுகிறது என்று கடைசிவரை திட்டிக்கொண்டே இருந்தவள். பிறகு ஒரு நாள் மேம் கனவில் வந்தாள். எதுவும் கேட்கவில்லை. ரொட்டி வைக்கிற தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள், போய்விட்டாள்.

செத்தவர்களுக்குத் தரையில் சோறு வைக்கிற அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று வெளிச்சம் வருமுன் வாழையிலைப் பொட்டலங்களில் சோறு, மீன், பழம், வெற்றிலை, அவரவர்க்குப் பிடித்தது எல்லாம் கட்டி, விகாரைச் சுவரோரம் மரத்தடிகளில் வைப்போம். மேமுக்கு வைக்க வேண்டியது ரொட்டி. ரொட்டிக்கு மாவு வேண்டும். எங்கள் சந்தையில் அந்த மாவு கிடையாது. இருப்பது ஆச்சான் வீட்டு டின்னில் மட்டும். ஒரு குவளை எடுத்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவளிடம்தான் சாவியே இருந்தது. ஆனால் கேட்காமல் எடுத்த சோறு எங்கே போய்ச் சேரும் என்று அவள் ஒருமுறை பட்டவள். இந்தத் தடவை வாசம் மட்டும் போனால் போதாது.

இந்த வயதில் அந்த வேலையும் போய்விட்டால் பாய் முடையக் கூட விரல் வளையாது. இருந்தாலும் சாயங்காலம் ஆச்சான் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போய் எதிரே நின்றாள்.

"ஆச்சான், எனக்குக் கொஞ்சம் மாவு வேணும். வெண்ணெயும்."

"எதற்காக?"

பொய் சொல்லியிருக்கலாம். "மேமுக்கு ரொட்டி சுட. அமாவாசைக்கு வெக்கணும்."

ஆச்சான் கரண்டியைக் கீழே வைத்தார். இத்தனை வருஷத்தில் அவருடைய முகம் ரொம்பவும் ஒடுங்கிப்போயிருந்தது. "கம்மூன் அவர்களே, அவள் கடவுளின் சந்நிதியில் இருக்கிறாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை."

"இருக்கட்டும் ஆச்சான். குறை இல்லாட்டி சந்தோஷந்தான். இருந்துச்சுன்னா?"

ஆச்சான் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார். கம்மூன் தட்டைக் கழுவினாள், கரண்டியைக் கழுவி ஆணியில் மாட்டினாள். இதுதான் கடைசியாக மாட்டுவது என்று நினைத்துக்கொண்டாள். துண்டை உதறித் தோளில் போட்டபோது அவர் சமையற்கட்டு வாசலில் நின்றார். அந்தப் பக்கமே வராத மனிதர். மாவு டின்னை முழுசாகத் தூக்கி மேசைமேல் வைத்தார். பக்கத்தில் பிரிக்காத வெண்ணெய் டப்பாவை வைத்தார்.

"இது உங்களுடையது" என்றார். "உங்கள் இல்லத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை."

அப்போதுதான் கம்மூனுக்கு ஒன்று தெரிந்தது. அன்றைக்கு அரிசிப் பையைக் கொடுத்தபோது மேம் சொன்னதை இவர் கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மண்ணெண்ணெய் டின் அடுப்பையும் கேட்டு வாங்கித் தலையில் சுமந்துகொண்டு போய்த் தன் வீட்டில் வைத்து ரொட்டி சுட்டாள். அமாவாசையன்று இருட்டோடு விகாரைச் சுவரோரம் போய், ஸீலாவுக்கு மீனும் சோறும் ஒரு பொட்டலம், பக்கத்தில் வெண்ணெய் தடவிய ரொட்டி ஒரு பொட்டலம் வைத்தாள். லம்துவான் விளக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, செத்தவங்களுக்குச் சீமைப் பண்டம்?" என்றாள். "எங்க மேமுக்கு. வாய மூடிகிட்டுத் தள்ளி நில்லு" என்றாள் கம்மூன். தண்ணீரை ஊற்றினாள். ஸீலாவைக் கூப்பிட்டாள், மேமைக் கூப்பிட்டாள், மேமின் அப்பாவையும் கூப்பிட்டாள். ரொட்டி ஆச்சான் கொடுத்த மாவு என்பதையும் மறக்காமல் சொன்னாள், வழியில் தகராறு வரக் கூடாது என்று.

பொழுது விடிந்தபின் வேலைக்குப் போனாள். ஆச்சான் குளிக்காமல், சவரம் பண்ணாமல், மேசையில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி தூங்கிய மாதிரி தெரியவில்லை. கம்மூன் கஞ்சி வைத்தாள், அவருக்குப் பிடித்த மாதிரி உப்புக் குறைத்துச் சுட்ட ரொட்டியை வைத்தாள். அவர் எதையும் தொடவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து கேட்டார். புத்தகப் பேச்சில் இல்லை. மேம் பேசுகிற மாதிரி, சந்தைப் பேச்சில் கேட்டார்.

"அக்கா, அவளுக்கு உப்பு தூக்கலா போட்டீங்களா?"

"ரெண்டு பங்கு போட்டேன் ஆச்சான்."

அவர் தலையாட்டிவிட்டு, தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.